பல்ப் கண்ணில் படாத விளக்கு

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே எட்டு மாதமாக ஒரு செம்பு விளக்கு தொங்குகிறது. பெங்களூரிலேயே ஒரு சின்னப் பட்டறையில், ஜப்பானிய முறையில், கையால் தட்டிச் செய்தது. விலை 24,500 ரூபாய். அல்சூரில் என் தையல் கடைக்கு வருகிற பெண்கள் மாடி ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதை ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பட்டறையின் பெயரை மட்டும் போடவில்லை. அவர்கள் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்லப் போகிறேன். மூன்றே பேர் வேலை செய்யும் இடம். கடைசியில் திருத்திக் கொடுத்தவர்கள். பெயரோடு எழுதி அவர்கள் பிழைப்பில் கை வைக்க மனசு வரவில்லை.

விளக்குக்கு முன்னால் அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன ஆடியில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். 76 வயது. நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரத்தில் காலண்டரில் ராகு காலத்தைத் தானே படித்தார். "வெள்ளைத் துணியெல்லாம் நீலம் போட்ட மாதிரி இருக்கேடி" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பழுப்பேறிய பழைய லென்ஸ் இத்தனை வருஷம் நீல ஒளியைத் தடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அது போனதும் வெள்ளை இன்னும் வெள்ளையாகிவிட்டது. பகலில் அவருக்கு அது கொண்டாட்டம்தான். ராத்திரிதான் பாடு. மேசைக்கு நேர் மேலே கூரையில் சதுரமாக ஒரு எல்இடி பேனல் பதித்திருந்தோம். பளீர் வெள்ளை, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 6500. அம்மா இடது கையை நெற்றிக்கு மேலே, வெயிலுக்குப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவார். வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு ஆள் அப்படிச் சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கும் வெளிச்சம்தான் தொழில். 19 வருஷமாக ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் பூவேலை, செய்கிறேன். மட்டமான எல்இடிக்குக் கீழே அரக்குச் சிவப்பு நூலும் காப்பிக்கொட்டை நிற நூலும் ஒன்று போலத் தெரியும். ஒரு தடவை அப்படி மாற்றிக் கோத்துவிட்டு ஒரு பிளவுஸின் முழுக் கையைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம் என்று கை பட்டுக் கற்றுக்கொண்டவள். அதனால் கடைக்குள் நுழையும்போதே எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பல்ப் கண்ணில் படக்கூடாது. ஆனால் தட்டில் இருப்பது நன்றாகத் தெரிய வேண்டும்.

கடைகளில் இருந்ததெல்லாம் இதற்கு நேர்மாறு. கண்ணாடிக் குடுவைக்குள் இழை தெரிகிற பல்ப், மூன்று மூன்றாகத் தொங்கின. ஆன்லைனில் 'ஜப்பானிய பாணி, கையால் தட்டிய செம்பு' என்று போட்டிருந்த ஒன்றை 3,800 ரூபாய்க்கு வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததுமே எடை சரியில்லை. அலுமினியத்துக்குச் செம்பு நிறம் பூசியிருந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதிலிருந்து கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். விளக்கைக் கவிழ்த்து உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். லேத்தில் சுழற்றி இழுத்த தகட்டில் இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கோடு இருக்கும். அச்சில் குத்தியதாக இருந்தால் சுத்தியல் தழும்பு என்று அவர்கள் காட்டுவது ஒரே கோலம் போலத் திரும்பத் திரும்ப வரும். கையால் அடித்ததில் எந்த இரண்டு தழும்பும் ஒன்றாக இருக்காது. விளிம்பும் முழுக்க ஒரே கனமாக இருக்காது.

இந்தப் பட்டறையைச் சொன்னது என்னிடம் பிளவுஸ் தைக்கிற ஒரு கட்டடக் கலைப் பேராசிரியை. லிங்கராஜபுரம் தாண்டி ஒரு சந்து. ஆட்டோவை விட்டு இறங்கும்போதே டங் டங் என்று சத்தம் கேட்டது. விளக்கை வடிவமைக்கிற இளைஞர் ஜப்பானில் சில மாதம் இருந்து வேலை பார்த்தவர். அடிக்கிறவர் நம்மவர், கும்பகோணம் பக்கம். ஒரு காலத்தில் கல்யாண அண்டா, தவலை, குடம் அடித்த கை. எவர்சில்வர் வந்து அந்த வேலை போனது. இப்போது அதே கை விளக்கு அடிக்கிறது.

நான் போன அன்று ஒரு செம்புத் தகட்டை வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதை இரும்புக் கம்பத்தின் தலையில் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கத்திலிருந்து வளையம் வளையமாகத் தட்டித் தட்டி உள்ளே சுருக்குகிறார். ஒரு சுற்று முடிந்ததும் தகடு விறைத்துவிடும். அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகும். காய்ச்சின எஃகு தண்ணீர் பட்டால் கெட்டியாகும், செம்பு இளகியே இருக்கும். எனக்கு இது புதுசு. "காய்ச்சாம அவசரப்பட்டு அடிச்சோம்னா விளிம்புல வெடிச்சுரும்மா. எத்தனை தரம் கேக்குதோ அத்தனை தரம் காய்ச்சணும்" என்றார். என் விளக்கின் கிண்ணத்துக்கு ஒன்பது தடவை கேட்டிருக்கிறது.

கடைசிச் சுற்றுக்குத்தான் அந்தத் தழும்புகள். அதற்கு வேறு சுத்தியல், முகம் கண்ணாடி மாதிரி. ஒவ்வொரு பத்துப் பதினைந்து அடிக்கும் அதன் முகத்தைத் தோல் துண்டில் துடைத்துக்கொள்கிறார். அதில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறல் செம்பில் பதியுமாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. ஆரி ஊசியின் கொக்கியில் ஒரு பிசிறு இருந்தால் பட்டில் வழி நெடுக இழை இழுக்கும். நானும் ஊசியைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துத்தான் போடுவேன்.

வடிவமைப்பாளர் சொல்லித்தான் தெரியும், இந்த முறைக்கு ஜப்பானில் பேர் போன ஊர் நிகாட்டா மாகாணத்தில் இருக்கிற ட்சுபாமே. ஆரம்பத்தில் ஆணி அடித்துப் பிழைத்த ஊர், அப்புறம் செம்புப் பாத்திரத்துக்கு வந்தது. 1816-ல் தொடங்கிய கியோகுசென்டோ பட்டறை இன்றைக்கும் அங்கே நடக்கிறது. ஒரே தகட்டிலிருந்து மூக்கோடு சேர்த்துக் கெண்டியை அடித்து எடுப்பார்களாம், ஒட்டே இல்லாமல். வார்ப்புக்கு வேறு ஊர், டொயாமா பக்கம் டகாவோகா. 1611-ல் அந்தப் பகுதியை ஆண்ட மயேதா பிரபு ஏழு வார்ப்புக்காரர்களைக் கூட்டி வந்து குடியமர்த்தியதிலிருந்து அங்கே வெண்கல வேலை. நமக்கு நாச்சியார்கோயில் எப்படியோ அப்படி. அடிக்கிறவர் வேறு, வார்க்கிறவர் வேறு என்பது இரண்டு தேசத்திலும் ஒன்றுதான்.

ஜப்பானிய விளக்கு என்றதும் பலருக்கும் காகித உருண்டைதான் ஞாபகம் வரும். இசாமு நொகுச்சி 1951-ல் கிஃபு என்ற ஊருக்குப் போய், மூங்கில் விலாவும் முசுக்கொட்டை வகை மரப்பட்டைக் காகிதமும் கொண்டு ஆரம்பித்த 'அகாரி' விளக்குகள் உலகம் முழுக்கப் போனதால் அப்படி. ஆனால் அங்கே உலோக விளக்குக்கும் நீண்ட வரலாறு உண்டு. நாரா நகரத்தில் கசுகா தைஷா என்று ஒரு கோயில். அதில் ஏறக்குறைய 3,000 விளக்குகள். கல் விளக்குகள் தரையில் நிற்கின்றன, வெண்கல விளக்குகள் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் பக்தர்கள் வேண்டிக்கொண்டு கொடுத்தவை. வருஷத்தில் பிப்ரவரித் தொடக்கத்திலும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் அத்தனையையும் ஏற்றுகிறார்கள். இதைக் கேட்டதும் அம்மா, "நம்ம ஊர்ல நுந்தா விளக்குக்கு ஆடு விட்ட மாதிரி" என்றார். அம்மா பிறந்தது திருவிடைமருதூர். ஒரு நுந்தா விளக்குக்குச் சாவா மூவாப் பேராடு, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடு, 96 என்று சோழர் கல்வெட்டுகளில் வரும். அந்த ஆடுகளை வளர்க்கிறவர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும், விளக்கு அணையாது. விளக்கு கொடுப்பது புண்ணியம் என்று எங்கெங்கோ இருக்கிற ஜனங்களுக்கும் தோன்றியிருக்கிறது.

சரி, என் விளக்குக்கு வருகிறேன். மேலே 38 செ.மீ. அகலத்தில் கவிழ்த்த கிண்ணம். வெளிப்புறத்தைக் கந்தகக் கரைசலில் கருக்கி மெழுகு தேய்த்திருக்கிறார்கள். பார்த்தால் வெல்லப்பாகு பதம் தாண்டின நிறம். உள்பக்கம் ஈயம். ஆமாம், நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவோமே அதே வெள்ளீயம். நவச்சாரம் தூவி, உருகின ஈயத்தைப் பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்து விட்டிருக்கிறார் செம்பு அடிக்கிற அந்த அண்ணன். ஜப்பானியச் செம்புக் கெண்டிகளுக்கும் உள்ளே இதுதானாம். கிண்ணத்துக்குள், அதன் விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலேயே நிற்கிற மாதிரி, மூன்று பித்தளைக் கம்பியில் ஒரு சின்னத் தட்டு. 22 செ.மீ. பல்ப் அந்தத் தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. வெளிச்சம் முதலில் தட்டில் விழுந்து, அங்கிருந்து ஈயத்துக்கு ஏறி, அப்புறம்தான் சுற்றியிருக்கிற இடைவெளி வழியாக மேசைக்கு இறங்குகிறது.

தட்டின் நடுவில் நகை ஆசாரி ரம்பத்தால் அறுத்த பூவேலை. அதைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது. ஜப்பானிய சஷிகோ தையலில் வருகிற அசனோஹா, சணல் போல நார் எடுக்கிற செடி ஒன்றின் இலை. ஒரு வாடிக்கையாளரின் குர்த்திக்கு அதை நான் போட்டிருக்கிறேன். ஆறு முனை நட்சத்திரம், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஓடும். அந்தச் செடி வளைவில்லாமல் சடசடவென்று வளரும் என்பதால் குழந்தைகளின் துணிக்கு இந்தக் கோலத்தைப் போடுவது அங்கே வழக்கம். நூலில் அதைப் போடும்போது மூலையில் ஆறு கோடு கூடுகிற இடத்தில் முடிச்சுத் தடித்துவிடும், அதுதான் கஷ்டம். செம்பில் அதே மூலைதான் பலவீனமான இடம், ரம்பம் கொஞ்சம் பிசகினால் அறுந்துவிடும். என் தட்டில் நாற்பத்திரண்டு மூலைகளையும் உற்றுப் பார்த்தேன். ஒன்றுகூட அறவில்லை.

இப்போது அந்தத் தப்பு. ஏழு வாரம் என்றார்கள், எட்டாவது வாரம், தீபாவளி கழிந்து விளக்கு வந்தது. மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒயரைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிட்டான். "அக்கா, பாடி முழுக்க செம்பு. ரெண்டு ஒயர்தான் வந்திருக்கு, எர்த் இல்ல. நான் மாட்ட மாட்டேன்." உள்ளே எங்காவது ஒயரின் உறை கிழிந்து உலோகத்தில் தொட்டால் விளக்கு முழுக்கக் கரண்ட் பாயும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய் ஃபியூஸோ பிரேக்கரோ விழும். இல்லாவிட்டால் தொடுகிற கைதான் வழி. பட்டறைக்குப் போன் போட்டால், இதுவரை யாரும் கேட்டதில்லை, ஒன்றும் ஆகாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. துணி சுற்றின ஒயரின் நிறத்துக்கு அத்தனை யோசித்தவர்கள் அதற்குள் மூன்றாவது கம்பி வேண்டும் என்று யோசிக்கவில்லை. ஈரக் கையோடு என் அம்மா தொடுகிற சாமான், மூன்று ஒயர் போட்டுக் கொடுங்கள், இல்லை பணத்தைத் திருப்புங்கள் என்று அழுத்திச் சொன்னேன். மறுநாள் வந்து எடுத்துப் போனார்கள். 11 நாளில் மூன்று கம்பி ஒயரும், கிண்ணத்தோடு எர்த்தைச் சேர்க்கத் தனித் திருகும் போட்டுக் கொண்டுவந்தார்கள். எல்லா விளக்குக்கும் இனி இப்படித்தான் என்று வடிவமைப்பாளர் என்னிடம் சொன்னார். நீங்கள் எங்கே உலோக விளக்கு வாங்கினாலும், பணம் கட்டும் முன்பே எர்த் கேளுங்கள்.

எடை 3.2 கிலோ. ஃபால்ஸ் சீலிங்கில் தொங்கவிடாதீர்கள். நாங்கள் கான்கிரீட்டில் துளை போட்டு ஆங்கர் கொக்கி அடித்தோம். மேசையிலிருந்து விளிம்பு வரை 30 அங்குலம் விட்டிருக்கிறோம். எதிரே இருப்பவர் முகமும் தெரிகிறது, எழுந்தால் தலையிலும் இடிக்காது.

பல்புக்காக எஸ்.பி. ரோட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதலில் வாங்கியது இழை தெரிகிற கிளியர் பல்ப். தட்டின் பூவேலை மேசை முழுக்கக் கூர்மையாக நிழல் போட்டது. கொள்ளை அழகு. பார்க்கத்தான் அழகு, சாப்பிட ஆகாது. ரசத்தின் மேல் கோடு கோடாக விழுந்ததில், எது கறிவேப்பிலை எது நிழல் என்று தெரியாமல் அம்மா விரலால் துழாவினார். ஒளி ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வந்தால் நிழல் வெட்டின மாதிரி விழும். பரந்த இடத்திலிருந்து வந்தால் கரையும். இரண்டாவது தடவை பால் நிறப் பல்ப், 9 வாட், இளமஞ்சள் சாயலில் 2700 கெல்வின், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்கிற சிஆர்ஐ 90. பட்டறையில் கூடவே கொடுத்திருந்த பட்டைக் காகித வட்டத்தையும் தட்டின் மேல் போட்டேன். எல்இடி அவ்வளவாகச் சுடாது, காகிதத்துக்கும் பல்புக்கும் இடையில் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் இருக்கிறது, பயமில்லை. பழைய குண்டு பல்பைப் போட்டுவிடாதீர்கள்.

திருக்கார்த்திகைக்கு முந்தின வாரம் முதல் தடவை முழுசாக ஏற்றினோம். சாம்பார், கூட்டு, அப்பளம். அப்பளத்தின் கொப்புளம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, ஆனால் மேலே பார்த்தால் எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று சொல்ல முடியவில்லை. ஈயத்தில் விழுந்து வருகிற வெளிச்சம் நிலா மாதிரி ஒரு மங்கல் வெள்ளை. செம்பின் விளிம்பில் மட்டும் ஒரு நூலளவு சிவப்பு. உள்ளே அந்த ஒவ்வொரு தழும்பும் ஒரு சின்னக் குழிக் கண்ணாடி. நூற்றுக்கணக்கான குழிகள் ஒளியை நூறு பக்கம் சிதற அடிப்பதால்தான் எங்கேயும் கண்ணைக் குத்தவில்லை. வழவழப்பான தகடாக இருந்தால் பல்பின் பிம்பம் ஒரு இடத்தில் பளிச்சிட்டிருக்கும். அந்தச் சுத்தியல் அடி அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன். அது வேலைக்காக இருக்கிறது. அம்மா இரண்டு கையையும் மேசைக்குக் கொண்டுவந்து, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை.

குறை இன்னும் உண்டு. தட்டு மேல்நோக்கித் திறந்திருப்பதால் தூசி சேரும். கோடை மழை முதல் தடவை பெய்த ராத்திரி, ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். காலையில் தட்டு நிறைய ஈசல் இறக்கை. மூன்று கம்பியின் அடியிலும் கையால் திருகுகிற குமிழ் இருக்கிறது, கழற்றித் துடைக்க ஐந்து நிமிஷம்தான். ஆனால் அண்ணாந்து செய்ய வேண்டும், வயசானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இது தோதுப்படாது. இன்னொன்று, இது மேசைக்கு மட்டுமான விளக்கு. கூடத்தின் மூலைகள் இருட்டாகவே இருக்கும். நான் இதன் கீழே ஊசி கோக்க மாட்டேன், அதற்குக் கடையில் வேறு வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் போட்டுப் பார்த்தோம், பல்ப் துடித்தது, கழற்றிவிட்டோம்.

விலை பற்றி. மூன்று பேரின் பத்துப் பதினோரு நாள் வேலை இதில் இருக்கிறது என்று பார்த்த பிறகு எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. ஒரு கல்யாண பிளவுஸுக்கு எட்டு நாள் குனிந்து உட்கார்ந்து நான் கேட்கிற கூலியை யாராவது அதிகம் என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணம் கையில் இல்லையென்றால், பல்ப் கண்ணில் படாத மூங்கில் கூடையோ காகித விளக்கோ மாட்டிக்கொள்ளுங்கள்; அம்மாவின் கண்ணுக்கு அதுவும் போதுமாகத்தான் இருந்திருக்கும். அது தெரிந்துதான் இதை வாங்கினேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் கடையில் இருந்தேன். அம்மா குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தவர், செம்புதானே இதுவும் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, எட்டின மட்டும் கிண்ணத்தின் விளிம்பையும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டார். புளி பட்டால் கருக்கின நிறம் போய்விடும். கட்டைவிரல் அளவுக்கு ஒரு இடம் பளபளவென்று புதுச் செம்பாகிவிட்டது. நான் மாலையில் பார்த்துவிட்டு வாய் திறக்குமுன், "எவ்வளவு அழுக்கு பாரு, யாரும் கவனிக்கறதில்ல" என்றார். பட்டறைக்குப் படம் அனுப்பினேன். அந்த அண்ணனே கூப்பிட்டு, "கொண்டாங்கம்மா, மறுபடி கருக்கித் தர்றேன், காசு வேணாம், நாலு நாள் ஆகும்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். நாலு ராத்திரி அந்தப் பழைய வெளிச்சத்திலா உட்காரச் சொல்கிறாய் என்றார். விளக்கு இறங்கவில்லை. அந்த இடம் இப்போது டீ நிறத்துக்கு வந்திருக்கிறது.